கலர் பென்சிலில் செடி வரையும்போது எங்கே பிழைக்கிறது? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் ஒரு நீள மேசை போட்டு ஏழெட்டுப் பேர் செடி வரைகிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர், ஓய்வு பெற்றவர்கள் சிலர். ஆளுக்கொரு கிளை, ஒரு போத்தல் தண்ணீர், ஒரு பென்சில் பெட்டி. அந்த மேசையில் கேட்கிற முறைப்பாடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. "ரீச்சர், பென்சில் வழுக்குது." "இலை பொம்மை இலை மாதிரி இருக்கு." "போன கிழமை நல்லாத்தான் இருந்தது, இப்ப பூத்துப்போய்க் கிடக்கு."

அந்த முறைப்பாடுகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாக எடுக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழை கண்ணுக்குத் தெரிகிற இடம் வேறு, பிழை நடந்த இடம் வேறு. நிறம் சரியில்லை என்று நிறத்தைத் திருத்திக்கொண்டிருப்போம். உண்மையில் பிழை அதற்கு இரண்டு படி முன்னாலேயே, கையை அழுத்தியபோதோ, தாளைத் தெரிவுசெய்தபோதோ, செடியைப் பார்க்காமல் வரைந்தபோதோ நடந்திருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். எந்தத் திருத்தத்தையும் முதலில் அதே தாளின் ஒரு வெட்டுத் துண்டில் செய்து பாருங்கள்.

இலை பிளாஸ்டிக் இலை மாதிரி இருக்கிறது

முறைப்பாடுகளில் முதலிடம் இதற்குத்தான். பெட்டியில் நல்ல பச்சை ஒன்று இருக்கும். அதை எடுத்து இலை முழுக்கப் பூசி, ஓரத்தில் கறுப்பால் நிழல் போட்டுவிடுவோம். இலை கத்தும்.

ஒரு சோதனை. அந்தப் பச்சையை ஒரு துண்டுத் தாளில் பூசி, நிஜ இலையை அதன் மேல் வையுங்கள். பென்சில் பச்சையில் நீலம் எவ்வளவு கூட, இலையில் மஞ்சளும் மண்நிறமும் எவ்வளவு கூட என்பது அந்த நொடியே தெரியும்.

வேலியோரம் நிற்கிற பூவரசில் ஒரு இலையைக் காலை எட்டு மணிக்குக் கிட்ட நின்று பாருங்கள். மேலே வளைந்து வெளிச்சம் வாங்குகிற இடத்தில் பச்சையை விட வானத்து வெளிர் நீலம்தான் அதிகம். நடு நரம்பின் இரு பக்கப் பள்ளம் கறுத்த பச்சை, கிட்டத்தட்டக் கருநீலம். நுனி மடங்கி வெயிலை மறித்து நிற்கிற இடத்தில் வெளிச்சம் இலைக்குள்ளால் வருகிறது, அங்கே அது மஞ்சளாக எரிகிறது. நரம்புகள் காம்போடு வந்து சேர்கிற புள்ளியில் பச்சையே இல்லை, வெளிர் மஞ்சள்தான். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் பளபளப்பில்லாமல் மங்கிக் கிடக்கிறது. ஒரே இலையில் ஐந்து நிறம். நாம் ஒன்றைப் பூசினோம், அதுதான் பிளாஸ்டிக் ஆனது.

திருத்தம் இப்படி. பச்சையைக் கடைசியாக எடுங்கள். முதலில் வெளிர் மஞ்சளை இலை முழுவதும் மிக மெல்லப் போடுங்கள், மின்னுகிற இடத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள். அடுத்து இருள் இருக்கும் இடங்களில் மட்டும் கருநீலம். அதன் மேல் அதே இடங்களில் ஒரு மெல்லிய அடுக்கு கருஞ்சிவப்பு. இந்தக் கட்டத்தில் இலை காயம்பட்டதுபோல அசிங்கமாக இருக்கும், பயப்பட வேண்டாம். இதற்குமேல் ஒலிவ் பச்சை, அப்புறம்தான் நீங்கள் முதலில் எடுக்க நினைத்த பச்சை. சிவப்பு பச்சைக்கு எதிர் நிறம், ஒன்றின் கூர்மையை மற்றது தணிக்கும். ஃபேபர் காஸ்டெல் பொலிக்ரோமோஸ் பென்சில்கள் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்கிற மூன்று இலக்கங்கள்: 157 கருநீலம், 225 கருஞ்சிவப்பு, 173 மஞ்சள் சாய்ந்த ஒலிவ் பச்சை. 24 நிறப் பெட்டிதான் இருக்கிறதென்றாலும் போதும். கடும் நீலம், மஞ்சள், மண்நிறம், சிவப்பு நான்கையும் மாற்றி மாற்றி அடுக்கினால் திருகோணமலையில் நிற்கிற எந்த மரத்தின் பச்சையும் வரும்.

ஏற்கெனவே பூசி முடித்த இலை என்றால், தாளில் இன்னும் சொரசொரப்பு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பச்சையின் மேல் கருஞ்சிவப்பை மிக மெல்ல ஒரு அடுக்கு ஓட்டுங்கள். கத்தல் அடங்கிவிடும்.

கறுப்புப் பென்சிலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிழலுக்கு அதை எடுக்காதீர்கள். மஞ்சள் மேல் கறுப்புப் போட்டால் நோய் பிடித்த பச்சை வரும், சிவப்பு மேல் போட்டால் அழுக்கு. செவ்வரத்தம் பூவின் உள் மடிப்புக்குக் கருஞ்சிவப்போடு கொஞ்சம் ஊதா அல்லது கருநீலம் சேருங்கள். இருட்டும் கிடைக்கும், சிவப்பும் சாகாது.

பென்சில் வழுக்குகிறது, மேலே நிறம் ஏறவில்லை

தாளின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம். அந்தப் பள்ளங்கள்தான் நிறத்தைப் பிடித்து வைக்கின்றன. முதல் இரண்டு அடுக்கிலேயே கையை ஊன்றி அழுத்தினால் பள்ளமெல்லாம் மெழுகால் நிரம்பி, மேடும் நசுங்கிப் போகும். அதன் மேல் என்ன போட்டாலும் சறுக்கும்.

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கோடுகள் புடைத்து விரலில் தட்டுகிறதா? அப்படியென்றால் அழுத்தம் அதிகம். ஒன்றும் தட்டாமல் வழவழவென்று இருந்தால் உங்கள் கையில் பிழை இல்லை, தாள் ஒத்துவரவில்லை. பள்ளிக்கூடத்துச் சித்திரக் கொப்பியின் மெல்லிய ஒற்றை மூன்று நான்கு அடுக்குக்கு மேல் தாங்காது.

வழுக்கத் தொடங்கிவிட்ட படத்தைக் காப்பாற்ற முடியும், கொஞ்சம்தான். சுவரில் படம் ஒட்டுகிற பிளூ டாக் உருண்டை ஒன்றை விரல் சூட்டில் பிசைந்து, அந்த இடத்தில் அழுத்தி நேராகத் தூக்குங்கள். தேய்க்க வேண்டாம். ஒவ்வொரு தூக்கலுக்கும் கொஞ்சம் மெழுகு வரும். பிடிவாதமான இடத்துக்குச் செலோ டேப்பை மேலே தொட்டும் தொடாமலும் வைத்து, எடுக்க வேண்டிய இடத்தை மட்டும் டேப்பின் மேலால் பென்சில் முனையால் கோடிழுத்து, மெல்ல உரியுங்கள். உள்ளங்கையில் ஒருமுறை ஒட்டி எடுத்த டேப் என்றால் ஒட்டும் வேகம் குறைந்திருக்கும், தாள் கிழியாது.

அடுத்த படத்துக்கு வருவோம். பென்சிலை எழுதுவதுபோல முனைக்குக் கிட்டப் பிடிக்காமல், பின்பாதியில் பிடியுங்கள். அங்கே பிடித்தால் அழுத்த நினைத்தாலும் அழுத்த வராது. பென்சிலின் சொந்தப் பாரமே முதல் மூன்று நான்கு அடுக்குக்குப் போதும். எட்டு, பத்து அடுக்குப் போகலாம் என்று கணக்கு வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முழு அழுத்தம் கொடுத்து நிறங்களைத் தேய்த்து இணைக்கும் வேலை ஒன்று உண்டு, வெளிர் நிறப் பென்சிலாலோ நிறமில்லாத கலப்புப் பென்சிலாலோ செய்வது. படத்தின் கடைசி ஐந்து நிமிடத்துக்கு உரிய வேலை அது. அதைச் செய்தால் அந்த இடம் அத்தோடு மூடிவிடும்.

இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். எங்கள் மேசையில் புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் செடியே வரைவதில்லை. ஒரே பென்சிலால் ஐந்து கட்டம், மெல்லியதிலிருந்து கடுமைக்கு, பின்பக்கம் தட்டாமல். அலுப்பாக இருக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் பாதி முறைப்பாடு தீர்ந்துபோகிறது.

நிறத்துக்குள் வெள்ளைப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது

முனை மழுங்கியிருக்கிறது, அல்லது தாள் மிகச் சொரசொரப்பு. மழுங்கிய முனை மேட்டை மட்டும் தொட்டுவிட்டுப் போகும், கூரான முனைதான் பள்ளத்துக்குள் இறங்கும். ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை சீவுங்கள், சின்னச் சின்ன வட்டமாகப் போடுங்கள். தாள் வாங்கும்போது நீர்வர்ணத் தாளில் சூட்டில் அழுத்திய (hot press) வழவழப்பான வகையைக் கேளுங்கள், சதுர மீற்றருக்கு 300 கிராம் தடிப்பு. குளிரில் அழுத்திய சொரசொரப்பு வகை நீர்வர்ணத்துக்கு அழகு, நுணுக்கமான நரம்பு வேலைக்கு உதவாது.

முனை உடைந்துகொண்டே இருக்கிறது

மூன்று காரணங்களில் ஒன்று. பென்சில் சீவுகிற கட்டரின் அலகு மழுங்கியிருந்தால் அது சீவாது, பிய்க்கும். சீவல் சுருளாக, ஒரே நீளமாக வரவேண்டும். துணுக்குத் துணுக்காக வந்தால் கட்டரை மாற்றுங்கள். இரண்டாவது, பென்சில் எப்போதோ சீமெந்துத் தரையில் விழுந்திருக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது, உள்ளே கூர் நான்கைந்து இடத்தில் நொறுங்கியிருக்கும். எவ்வளவு சீவினாலும் துண்டு துண்டாகக் கழன்று விழும். அப்படிப்பட்ட பென்சிலைக் கட்டரில் போடாமல் கூரான பிளேட்டால் மெல்லச் சீவினால் மிச்சத்தைப் பாவிக்கலாம்.

மூன்றாவது நம்முடைய ஊருக்கே உரியது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், யூன் யூலையில், பகலில் சாதாரணமாக 34, 35 பாகை வரை ஏறும். மெழுகு கூடிய பென்சிலின் கூர் அந்தச் சூட்டில் இளகிவிடும். கூராகச் சீவினால் முதல் கோட்டிலேயே முனை மடங்கி, பிசுக்குப்போல அப்பும். நான் ஒருமுறை தகரப் பெட்டியை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய் வந்தேன். பெட்டியைத் தொட்டால் சுட்டது, உள்ளே இருந்த சிவப்பும் மஞ்சளும் ஒரு மாதத்துக்குச் சரியாகவே வேலை செய்யவில்லை. பெட்டியைத் தரையில், சுவரோரமாக வையுங்கள். அவசரமென்றால் பென்சிலை ஒரு பையில் கட்டிப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துச் சீவுங்கள். காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை வரைந்தால் இந்தத் தொல்லையே இல்லை, செடிகளும் அப்போதுதான் நல்ல முகத்தோடு இருக்கும்.

படத்தின் மேல் வெண்படலம் பூத்திருக்கிறது

இங்கே நிதானம் வேண்டும். இரண்டு வேறு வேறு விசயங்கள் ஒரே மாதிரித் தெரியும்.

கடுமையாகப் பூசிய இருண்ட இடங்களில் மட்டும், சீராக, பனி படிந்ததுபோல இருந்தால் அது மெழுகு. பென்சிலில் இருக்கிற மெழுகு நாள் போகப் போக மேலே எழும்பி வருவது. மென்மையான துணியால் ஒருமுறை துடைத்தால் போய்விடும், ஆனால் திரும்ப வரும். வராமல் இருக்க, படம் முடிந்ததும், நிறத்தைத் தாளில் பிடித்துவைக்கும் தெளிப்பானை (fixative) 30 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து இரண்டு மூன்று மெல்லிய தடவையாக அடியுங்கள். வெளியில், காற்று இல்லாத வேளையில், முகத்துக்கு எதிரே இல்லாமல். எண்ணெய் சேர்ந்த பென்சில்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

வெறும் தாளிலும் புள்ளி புள்ளியாக இருந்தால், முகர்ந்தால் புழுங்கல் மணம் வந்தால், அது பூஞ்சணம். துணியால் தேய்க்காதீர்கள், வித்துக்களைப் படம் முழுக்கப் பரப்பிவிடுவீர்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில் நன்றாக உலரவிட்டு, பிறகு வெளியே கொண்டுபோய் மென்தூரிகையால் தட்டுங்கள். மற்றப் படங்களிலிருந்து பிரித்து வையுங்கள்.

மாரியில் தாள் நெளிகிறது, பென்சில் குத்துகிறது

நமக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு ஒக்ரோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டுகிறது. வாடைக்காற்றோடு ஈரம் வீட்டுக்குள்ளேயே வந்து குந்திக்கொள்ளும். தாள் ஈரத்தை உறிஞ்சி மெத்தென்று ஆகும். நேற்று நல்ல கோடு போட்ட அதே முனை இன்று தாளைக் கீறும். கையின் பிழை இல்லை.

தாள்களைப் பிளாஸ்டிக் உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். சப்பாத்துப் பெட்டிகளிலும் மருந்துப் போத்தல்களிலும் வருகிறதே, அதையெல்லாம் எறியாமல் சேர்த்தாலே போதும். வரைகிற தாளைப் பலகையில் நாலு பக்கமும் டேப்பால் ஒட்டிவிடுங்கள். கை வைக்கும் இடத்தில் ஒரு வெற்றுத் தாள் கட்டாயம். வேர்வையும் தேங்காயெண்ணெயும் பட்ட இடத்தில் நிறம் ஏறாது, அது பிறகுதான் தெரியும். பென்சில் தூளைக் கையால் தட்டாமல் தூரிகையால் தள்ளுங்கள்.

நரம்பு ஏணிப்படி மாதிரி வந்துவிட்டது

இலையைப் பூசி முடித்துவிட்டு அதன் மேல் கடும் பச்சையால் நரம்பு இழுத்திருப்பீர்கள். பெரும்பாலான இலைகளில் நரம்பு சுற்றியுள்ள பரப்பை விட வெளிறியது. அது கோடு இல்லை, இரண்டு பக்கத்து நிழலுக்கு நடுவே விடுபட்ட ஒடுங்கிய ஓடை. ஆகவே நரம்பை வரையாதீர்கள், நரம்புக்கு இரு பக்கமும் இருக்கிற மேடுகளை வரையுங்கள்.

மிக மெல்லிய நரம்புக்கு ஒரு வழி உண்டு. மை தீர்ந்த போல்பேனா ஒன்றை எடுத்து, பச்சை போடுவதற்கு முன்பே, நரம்பு வரும் பாதையில் தாளில் பள்ளம் பதித்துவிடுங்கள். வெறும் வெள்ளைத் தாளில் பதித்தால் நரம்பு வெள்ளையாகக் கண்ணைக் குத்தும், அதனால் வெளிர் மஞ்சள் போட்ட பிறகு பதியுங்கள். மேலே பச்சை ஓடும்போது பள்ளம் நிறத்தைத் தவிர்த்து மஞ்சளாகவே நிற்கும். இது அடம்பன் இலைக்கும் நித்தியகல்யாணி இலைக்கும் நன்றாக வரும். புன்னைக்கு வராது. புன்னை இலையில் பக்க நரம்புகள் மயிரிழை மாதிரி நெருக்கமாக, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடுகின்றன. எண்ணி வரையப் போனால் இலை சீப்பு மாதிரி ஆகிவிடும். நிறம் போடும் ஒவ்வொரு கோட்டையும் அந்த நரம்புத் திசையிலேயே இழுத்தால் போதும், நரம்பு தானாகத் தெரியும்.

பளபளப்பு வரவில்லை

அதே புன்னை இலைதான் இதற்கும் ஆசிரியர். பளபளப்பு என்பது வெள்ளை நிறம் பூசுவதில் இல்லை, வெள்ளையின் ஓரம் எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதில் இருக்கிறது. மின்னும் இடத்தைத் தாள் வெள்ளையாகவே விட்டு, அதை ஒட்டியே மிக இருண்ட நிறத்தைக் கொண்டுவாருங்கள். எருக்கலை இலை இதற்கு நேர் எதிர். மேலே மாவு பூசியதுபோல இருக்கும் அந்த இலையில் எங்கும் கூர்மையான மினுக்கம் கிடையாது, வெளிச்சம் மெல்ல மெல்லத்தான் மாறும். அதற்கு எல்லா நிறத்தின் மேலும் கடைசியாக வெள்ளைப் பென்சிலை ஓட்டலாம்.

வெள்ளைப் பூ தாளோடு தாளாக மறைந்துபோகிறது

கடும் கோட்டால் சுற்றி வரைந்து காப்பாற்றப் பார்ப்போம், பூ கார்ட்டூன் ஆகிவிடும். பூவுக்குப் பின்னால் ஒரு இலையோ மொட்டோ வரும்படி கிளையைத் திருப்பி வையுங்கள், பாதி வேலை முடிந்தது. மிச்சத்துக்கு, வெள்ளை இதழின் நிழலில் என்ன நிறம் என்று பாருங்கள். கோயிலடி அலரிப் பூவை ஒரு வெள்ளைத் தாளில் வைத்தால் தெரியும். இதழ் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் சாம்பலோடு கொஞ்சம் ஊதா, நடுமஞ்சளுக்குக் கிட்டே வரவர இளம்பச்சை கலந்த மஞ்சள். இந்த நிறங்களை மிக மிக மெல்லப் போடுங்கள். ஓரக்கோடு வேண்டுமானால் கூரான சாம்பல் பென்சில், அதுவும் நிழல் பக்கம் மட்டும்.

கீழே போட்ட கரிப் பென்சில் கோட்டையும் மறக்காதீர்கள். வெளிர் நிறம் போடும்முன் பிளூ டாக்கால் ஒற்றி ஒற்றி அதை அரைகுறையாகத் தெரியும் அளவுக்குக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கரி மஞ்சளோடு குழைந்து அழுக்குப் பச்சையாகும், அதன் பிறகு எந்த றப்பரும் உதவாது.

படம் அழகாக இருக்கிறது, ஆனால் என்ன செடி என்று ஒருவருக்கும் தெரியவில்லை

எனக்கு இதுதான் மிக முக்கியமான முறைப்பாடு, யாரும் தாங்களாகச் சொல்லாத முறைப்பாடும் இதுதான். பூ வரைவதும் தாவர ஓவியம் வரைவதும் பிரிகிற இடம் இது. பேராதனைப் பூங்காவில் 1823இல் ஓவியராகச் சேர்ந்து 38 வருடம் இலங்கைச் செடிகளை வரைந்தார் ஹரமானிஸ் டி அல்விஸ். அவருக்குப் பின் மகன்மாரும் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். அப்படிப்பட்ட படங்கள் அழகுக்காக மட்டும் வரையப்படவில்லை. அந்தச் செடியை ஒருபோதும் காணாத ஒருவர் படத்தைப் பார்த்துச் செடியை அடையாளம் காண வேண்டும், அதுதான் தேவை.

எங்கள் மேசையில் நான் ஒரு பயிற்சி வைப்பேன். வேப்பிலைக் கொத்து ஒன்று, கறிவேப்பிலைக் கொத்து ஒன்று. வீட்டில் தினமும் கையால் தொடுகிற இலைகள். முதலில் பார்க்காமல் வரையச் சொல்வேன். இரண்டும் ஒரே மாதிரி வரும், ஒரு தண்டு, இரு பக்கமும் சின்ன இலைகள். அப்புறம் கையில் கொடுப்பேன். ஐந்து நிமிடம் பேச்சே இருக்காது. வேப்பிலையின் ஓரம் வாள்பல். ஒவ்வொரு சிற்றிலையும் அரிவாள்போல ஒரு பக்கம் வளைந்தது, அடிப்பகுதியில் ஒரு பாதி மற்றப் பாதியை விடக் கீழே இறங்கியிருக்கும். கறிவேப்பிலையில் அந்தப் பல் இல்லை, சிற்றிலைகள் பெரும்பாலும் மாறி மாறி வரும், நுனியில் ஒற்றை இலை ஒன்று முடித்துவைக்கும். ஒரு பெரியவர், ஐம்பது வருடமாகக் கறிக்குக் கிள்ளிப் போடுகிறவர், சிற்றிலையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தபடி, "இதை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறன்" என்றார்.

உங்கள் படம் அடையாளம் தவறியிருந்தால் இந்த நான்கையும் செடியோடு ஒத்துப் பாருங்கள். இலைகள் எதிரெதிராக வருகின்றனவா, ஒன்றுவிட்டொன்றாகவா? நித்தியகல்யாணியில் எதிரெதிர், செவ்வரத்தையில் ஒன்றுவிட்டொன்று. எருக்கலையில் எதிரெதிரே மட்டுமில்லை, ஒரு சோடி கிழக்கு மேற்கு என்றால் அடுத்த சோடி வடக்கு தெற்கு. இலை ஓரம் என்ன, பல்லா வழவழப்பா? காம்பு தண்டில் எப்படிப் பொருந்துகிறது? தாவர ஓவியத்தில் நான் முதலில் பார்க்கிற இடம் இந்த மூட்டுத்தான். பலர் இலையை அருமையாக வரைந்துவிட்டுத் தண்டில் ஒட்டுப்போட்டதுபோல விட்டுவிடுகிறார்கள். கடைசியாகப் பூவின் பின்பக்கம். செவ்வரத்தையைத் திருப்பினால் பச்சைப் புல்லிக் கிண்ணத்துக்கு வெளியே இன்னொரு சுற்றுச் சின்னப் பச்சைத் துண்டுகள் இருக்கும். முன்பக்கம் மட்டும் பார்த்து வரைகிறவருக்கு அது ஒருநாளும் தெரியாது.

அளவும் முக்கியம். கவராயத்தின் இரு முனையால் இலையின் நீளத்தைச் செடியில் பிடித்து அப்படியே தாளில் வையுங்கள், நிஜ அளவிலேயே வரையுங்கள். பெரிதாக்கியோ சிறிதாக்கியோ வரைந்தால் எத்தனை மடங்கு என்று ஓரத்தில் குறித்துவிடுங்கள்.

நம்மை நோக்கி மடங்கும் இலை எப்போதும் குட்டையாகத் தெரியும். மனம் அதை நம்பாமல் நீட்டி வரைந்துவிடும். அப்படிப்பட்ட இலைக்கு ஓரத்தை வரையாதீர்கள், முதலில் நடு நரம்பை மட்டும் ஒரே வளைவாக, மறைகிற இடத்திலும் நிறுத்தாமல் இழுங்கள். அதற்குப் பிறகு ஓரங்கள் தாமாக இடம் பிடிக்கும். அடம்பன் இலை இதற்கு நல்ல பயிற்சி. நுனி பிளந்து ஆட்டுக் குளம்புபோல இருக்கிற இலை அது, நடு நரம்போடு சற்று மடிந்தே நிற்கும். நிலாவெளி மணலில் ஓடுகிற ஒரே கொடியில் பத்து இலை பத்துக் கோணத்தில் கிடைக்கும். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த நாம், அந்த இலையை எத்தனை பேர் குனிந்து பார்த்தோம்?

வரைந்து முடிப்பதற்குள் பூ மாறிவிட்டது

பூவரசம் பூவோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது தெரியும். காலையில் இளமஞ்சள் கிண்ணம், அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. பின்னேரமாகும்போது மஞ்சள் மங்கிச் செம்மை ஏறும், பிறகு இளஞ்சிவப்பாகச் சுருங்கி விழும். காலையில் ஒரு இதழும் மாலையில் இன்னொரு இதழும் வரைந்தால் ஒரு பூவில் இரண்டு வேளை வந்துவிடும். அடம்பன் பூ வெயில் ஏற ஏற மூடிக்கொள்ளும். செவ்வரத்தம் பூவுக்கு ஒரு நாள்தான்.

இதற்குத் திருத்தம் வரிசையை மாற்றுவது. பூ முதலில், இலை பிறகு, தண்டு கடைசி. பூ முன்னால் இருக்கிற முதல் கால் மணி நேரத்தில் படமே வரையாதீர்கள். ஒரு துண்டுத் தாளில் நிறங்களை மட்டும் சின்னச் சின்னச் சதுரமாகப் போட்டு, எந்தப் பென்சில் மேல் எந்தப் பென்சில் என்று பக்கத்தில் எழுதி, பூவின் இதழை அதன் மேல் வைத்து ஒத்துப் பாருங்கள். அந்தத் துண்டு கையில் இருந்தால் பூ உதிர்ந்த பிறகும் நிறம் தவறாது. போனில் இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுத்து வைப்பதும் நல்லது, வடிவத்துக்காக. நிறத்துக்குப் போன் படத்தை நம்பாதீர்கள், அதில் சிவப்பும் ஊதாவும் கட்டாயம் வேறாகத்தான் வரும்.

வெட்டிய கிளையை ஈரத் துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் பல செடிகள் அடுத்த நாள் வரை தாங்கும். கடற்கரைக் கொடிகள் வாடினால், அடுத்த காலையில் அதே மணிக்கு அதே கொடிக்குப் போய் வேறொரு பூவைப் பார்த்துத் தொடருங்கள்.

மாட்டி வைத்த படம் வெளிறுகிறது

இளஞ்சிவப்பும் ஊதாவும்தான் முதலில் போகும். பொலிக்ரோமோஸ் பென்சிலின் உடம்பில் நட்சத்திரக் குறி இருக்கும், மூன்று நட்சத்திரம் என்றால் வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும் நிறம். குறி இல்லாத பென்சில் வைத்திருந்தால் நீங்களே சோதிக்கலாம். ஒரு நீளத் தாளில் உங்கள் பெட்டியின் எல்லா நிறத்தையும் பட்டை பட்டையாகப் போடுங்கள். பாதியைத் தடித்த கறுப்புத் தாளால் மூடி, வெயில் வருகிற யன்னல் கண்ணாடியில் ஒட்டித் திகதி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துக் கறுப்புத் தாளை எடுங்கள். இரண்டு பக்கமும் வேறாகத் தெரிகிற பென்சில்களைப் பெட்டியிலிருந்து பிரித்து, பயிற்சிக் கொப்பிக்கு மட்டும் என்று தனியாக ஒரு றப்பர் வளையம் போட்டுக் கட்டி வையுங்கள்.